தெனெஹார்ட் நடந்த வழியில்: ஜெர்மனியில் ஆறு நாள்

நாள் 1: ஃபிரிட்ஸ்லார்

36 ஆண்டுகள் அஞ்சலகத்தில் வேலை பார்த்தவன் நான். ஒரு கடிதத்தைக் கையில் எடுத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால் அது எந்த வழியாக, யார் கையால், எத்தனை நாளில் வந்தது என்றுதான் மனம் கேட்கும். எட்டாம் நூற்றாண்டு ஆயர் போனிபாஸ் என்னைப் பிடித்துக்கொண்டதும் அப்படித்தான். அவர் எழுதியவை, அவருக்கு வந்தவை, அவரைச் சுற்றியிருந்தவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை என்று சுமார் 150 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஓர் ஆயரின் (பிஷப்பின்) பொறுப்பில் இருக்கும் பகுதிக்கு மறைமாவட்டம் என்று பெயர். ஜெர்மனியின் பழைய மறைமாவட்டங்கள் பலவற்றின் பிறப்புச் செய்தி அந்தக் கட்டுக்குள் இருக்கிறது. அவற்றில் பெயர் வரும் ஊர்களில் சிலவற்றையாவது காலால் மிதித்துப் பார்க்க வேண்டும் என்பது ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்கு ஆசை.

மகள் வீடு ஃபிராங்க்பர்ட்டில். பேத்திக்கு இலையுதிர்கால விடுமுறை. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஜெர்மன் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருவருமாகக் கிளம்பிவிட்டோம். ஒவ்வொரு நாளும் இரவு தங்குமிடத்தில் உட்கார்ந்து அன்றைய பாட்டை எழுதிப் பதிவிடுகிறேன்.

காசெல் போகும் ரயில் மார்பூர்க்கைத் தாண்டியதும் வலப்பக்கம் சமவெளியில் ஒற்றைக் குன்று எழுந்தது. உச்சியில் ஓர் ஊர். ஆமனெபூர்க். 721ஆம் ஆண்டு வாக்கில் போனிபாஸ் அங்கே வந்தபோது டெட்டிக், டியோருல்ஃப் என்ற இரு சகோதரர்கள் தலைவர்களாக இருந்தார்கள். பெயரளவில் கிறிஸ்தவர்கள், பழைய தெய்வங்களுக்கும் படைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தம் பக்கம் கொண்டுவந்து அந்தக் குன்றில் ஒரு சிறு துறவு மடம் அமைத்தார். கிறிஸ்துவின் பெயரே எட்டாத காட்டுக்குள் ஒருவர் தனியாக நுழைந்தார் என்றுதான் சிறுவயதில் எங்களுக்குக் கதை சொன்னார்கள். அவர் வந்து சேர்ந்ததோ, அந்தப் பெயரைப் பாதி கேட்டு, பாதி மறந்து, மீதியைப் பழையதோடு கலந்துவைத்திருந்த நாட்டுக்கு. அது இன்னும் கடினமான வேலை என்று நினைக்கிறேன்.

அவரது இயற்பெயர் வின்ஃபிரித். இங்கிலாந்துக்காரர். நாற்பது வயதுவரை மடத்துப் பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்து, இலக்கண நூலும் எழுதியவர். 716இல் வடகடல் கரையோரத்து ஃபிரிசியர்களிடம் நற்செய்தி சொல்லப் போய், போர் நடந்துகொண்டிருந்ததால் ஒன்றும் ஆகாமல் திரும்பினார். 719இல் ரோமில் திருத்தந்தை இரண்டாம் கிரகோரி அவருக்குப் போனிபாஸ் என்று பெயர் சூட்டி அனுப்பினார். 722இல் ஆயராகவும் ஆக்கினார். ஆனால் எந்த ஊருக்கும் ஆயர் அல்ல. பேராயர் பட்டம் வந்த 732க்குப் பிறகும் பல ஆண்டுகள் அவருக்கென்று ஓர் ஊர் இல்லை.

வாபெர்னில் வண்டி மாறி ஃபிரிட்ஸ்லார் வந்தபோது மதியம். மரச்சட்டங்கள் இட்ட பழைய வீடுகளுக்கு நடுவே புனித பேதுரு ஆலயம். அதன் முன்னால் வெட்டிய ஓக் மரத்தின் அடிக்கட்டை மேல் நிற்கும் போனிபாஸ். 723இல் இப்பகுதியின் கெய்ஸ்மாரில் மக்கள் வழிபட்ட பெரிய ஓக் மரத்தை அவர் வெட்டினார். லத்தீனில் வாழ்க்கை வரலாறு எழுதியவர் அதை ஜூப்பிட்டரின் மரம் என்கிறார். இவ்வூர்க்காரர்களுக்கு அது இடித் தெய்வம் டோனாரின் மரம். கூட்டம் சபித்துக்கொண்டு நின்றது. சிறிது வெட்டியதுமே மேலிருந்து காற்று அடித்து மரம் நான்காகப் பிளந்து விழுந்தது என்கிறது வரலாறு. அந்த மரத்திலேயே பேதுருவின் பெயரால் சிற்றாலயம் எழுந்தது.

பேத்தி சிலையைச் சுற்றி வந்துவிட்டு, "அந்த மரத்தைக் கும்பிட்டவர்கள் அழுதிருப்பார்கள், இல்லையா தாத்தா?" என்று கேட்டாள்.

அழுதிருப்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் அஞ்சலகத்துக்கு எதிரே ஓர் ஆலமரம் உண்டு. அடியில் மாடன் பீடம். பணவிடை வாங்க வரும் கிழவிகள் செருப்பைக் கழற்றி அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் என் சன்னலுக்கு வருவார்கள். அந்த மரத்தில் ஒருவன் கோடரி வைத்தால் என் உடம்பும் பதறியிருக்கும். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். இருந்தும் இதைப் பேத்தியிடம் மறைக்கத் தோன்றவில்லை.

சிலை சொல்லாத ஒன்றைக் கடிதங்கள் சொல்கின்றன. மரம் வெட்டிய அதே காலத்தில் வின்செஸ்டர் ஆயர் தானியேல் இங்கிலாந்திலிருந்து அவருக்கு எழுதினார். அவர்களுடைய தெய்வங்களின் பிறப்பு வரலாற்றை மறுத்துப் பேசாதே. அவர்கள் சொல்வதைச் சொல்ல விட்டு, பிறகு கேள்வி கேள். அந்தத் தெய்வங்கள் பிறக்கும் முன் உலகை ஆண்டது யார் என்று கேள். ஏளனமோ எரிச்சலோ வேண்டாம், அமைதியாகக் கேள் என்று அறிவுரை. கோடரியைவிட இந்தக் கடிதம் எனக்கு உயர்வாகப் படுகிறது. ஆனால் அதே தானியேல், திராட்சையும் எண்ணெயும் விளையும் நிலமெல்லாம் கிறிஸ்தவர்களிடம் இருக்க உங்கள் தெய்வங்கள் உங்களுக்குக் குளிர்ந்த நிலத்தை மட்டும் விட்டுவைத்தது ஏன் என்றும் கேட்கச் சொல்கிறார். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. விளைச்சலை வைத்துக் கடவுளை அளப்பது நற்செய்தியில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அன்று இந்நாட்டை ஆண்ட பிராங்கியரின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த சார்ல்ஸ் மார்ட்டல் 723இல் போனிபாஸுக்குப் பாதுகாப்புக் கடிதம் கொடுத்திருந்தார். பிராங்கிய ஆட்சியாளரின் ஆதரவும் அவர் மீதுள்ள அச்சமும் இல்லாமல் என்னால் மக்களை நடத்தவும் முடியாது, சிலை வழிபாட்டைத் தடுக்கவும் முடியாது என்று பின்னாளில் தானியேலுக்குத் தாமே எழுதினார். ஒளிக்காமல் எழுதிவைத்தாரே, அதற்காக அவரை மதிக்கிறேன்.

நாள் 2: பூராபூர்க்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்தது இந்த இடத்தை. ஃபிரிட்ஸ்லாரில் யாரிடம் வழி கேட்டாலும், அங்கே பார்க்க அதிகம் இல்லையே என்கிறார்கள்.

எடர் ஆற்றை ஒட்டி நடந்தோம். காலை மூடுபனி ஆற்றின் மேல் பஞ்சு போலக் கிடந்தது. ஊங்கெடாங்கன் கிராமத்துக்கு மேலே காடு மூடிய குன்று. ஏற ஏற ஈர இலை வாசனை. பேத்தி பாதையில் கிடந்த பீச் (beech) மரக் கொட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே வந்தாள். உச்சியில் புனித பிரிகிதா சிற்றாலயம், பக்கத்தில் கல்லறைத் தோட்டம், அகழ்ந்தெடுத்த பழைய மதில்களின் அடித்தளம். அவ்வளவுதான். எங்களைத் தவிர ஒரு மூதாட்டி மட்டும் கல்லறை ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இது ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடம். சுமார் ஐந்தே ஆண்டுகளுக்கு.

742இல் போனிபாஸ் புதிய திருத்தந்தை சகரியாவுக்கு எழுதினார்: ஜெர்மானிய மக்களுக்காக மூன்று ஆயர்களை நியமித்திருக்கிறோம், நாட்டை மூன்று மறைமாவட்டங்களாகப் பிரித்திருக்கிறோம். ஒன்று வூர்ஸ்பூர்க் என்னும் கோட்டை. மற்றொன்று பூராபூர்க் என்னும் ஊர். மூன்றாவது எர்ஃபுர்ட், முன்பு புறச்சமய உழவர்களின் நகரமாக இருந்த இடம். இவற்றை எழுத்தால் உறுதிப்படுத்த வேண்டும் என்று கேட்டார். கடிதத்தை ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் ரோமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் தெனெஹார்ட் என்ற குரு. திருத்தந்தையின் பதில் தெனெஹார்ட் கொண்டுவந்த மடல் கிடைத்தது என்றுதான் தொடங்குகிறது. ஆயர்களின் பெயர்கள் ஆலயச் சுவர்களில் இருக்கின்றன. மடலைச் சுமந்தவனுக்கு அந்த ஒரு வரிதான். அதைப் படித்த நாளில் என்னோடு வேலை பார்த்த தபால்காரர்கள் எல்லாரும் என் கண்முன் வந்து நின்றார்கள். அதனால்தான் இந்தப் பயணத்துக்கு அவர் பெயரை வைத்தேன்.

பதில் 743இல் வந்தது. சகரியா ஒப்புதல் தந்தார். அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கையும் செய்தார். சின்னஞ்சிறு ஊர்களிலும் எளிய பட்டணங்களிலும் ஆயரை வைக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம், ஆயர் என்ற பெயர் மலிந்துவிடக் கூடாது, நீ சொல்லும் இடங்களில் போதிய மக்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்.

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. ஒரு கிராமத்தில் கிளை அஞ்சலகம் திறக்க வேண்டுமானால் முதலில் கேட்பது இதைத்தான்: மக்கள்தொகை எவ்வளவு, அடுத்த அஞ்சலகம் எவ்வளவு தொலைவு, வருமானம் தேறுமா? ரோமில் இருப்பவருக்கு வரைபடமும் சட்டமும் தெரியும். குன்றின் மேல் நிற்பவருக்குத்தான் கடிதம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் முகங்கள் தெரியும். போனிபாஸ் மக்கள்தொகையைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்தார். இன்னும் கிறிஸ்தவர்கள் ஆகாத அண்டை மக்களான சாக்சனியர்கள் எப்போது வேண்டுமானாலும் இறங்கக்கூடிய எல்லை இது. இந்தக் குன்றில் பிராங்கியரின் பெருங்கோட்டை இருந்தது. அவர் கணக்கு பிழையும் இல்லை. 774இல் சாக்சனியர்கள் வந்து ஃபிரிட்ஸ்லாரைச் சூறையாடியபோது மக்கள் ஓடிவந்து ஒளிந்தது இங்கேதான். கோட்டை விழவில்லை.

ஆனால் அப்போது இங்கே ஆயர் இல்லை. முதல் ஆயர் விட்டா 747 வாக்கில் இறந்தார். அவருக்குப் பின் யாரும் அமர்த்தப்படவில்லை. பகுதி மைன்ஸ் மறைமாவட்டத்தோடு சேர்ந்தது. அந்த மைன்ஸின் ஆயராக அப்போது இருந்தவர் போனிபாஸேதான். தாம் எழுதிக் கேட்டு, தெனெஹார்ட்டை அத்தனை தூரம் நடக்கவைத்து, வாங்கிய இடத்தைத் தம் வாழ்நாளிலேயே இழந்தார்.

இது தோல்விதானா என்று மதிலின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். நான் முதன்முதலில் பொறுப்பேற்ற கிளை அஞ்சலகம் பின்னாளில் பக்கத்து ஊர் அஞ்சலகத்தோடு இணைக்கப்பட்டது. இன்று அந்தக் கட்டடத்தில் பலசரக்குக் கடை. ஆனால் அந்த ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளின் முதல் மாதப் பணம் என் சன்னல் வழியாகத்தான் அம்மாக்களின் கைக்குப் போனது. அது நடக்காத ஒன்று என்று ஆகிவிடுமா?

பேத்திக்கு மறைமாவட்டம் பிரிவது என்றால் என்னவென்று புரியவில்லை. எங்கள் கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்ததையும், 2014இல் கோட்டாற்றிலிருந்து குழித்துறை பிரிந்ததையும் சொன்னேன். ரோமிலிருந்து ஒரு மடல் வரும்; ஒரு பங்கு ஆலயம் ஒரே நாளில் பேராலயம் ஆகும்; கிழவர்கள் பழைய ஆயரின் பெயரையே பூசையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த முறை மாறவே இல்லை.

பிரிகிதா அயர்லாந்துப் புனிதை. போனிபாஸுக்கு முன்பே அயர்லாந்துத் துறவிகளின் செல்வாக்கு இங்கே எட்டியிருக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பெயரையே சான்றாகக் காட்டுகிறார்கள். இறங்கும்போது அந்த மூதாட்டி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியாவின் தென்கோடி என்று பேத்தி சொன்னதும், இதற்காகவா என்று குன்றைக் காட்டிக் கேட்டார். ஆம் என்றேன். அவர் முகம் மலர்ந்ததை எழுதத் தெரியவில்லை.

நாள் 3: எர்ஃபுர்ட்

பகல் பெரும்பாதி ரயிலில் போயிற்று. மாலையில் 70 படிகள் ஏறிப் பேராலயத்தை அடைந்தோம். அருகருகே இரண்டு பெரிய ஆலயங்கள், மரியாவுக்கு ஒன்று, செவேருசுக்கு ஒன்று. 1497இல் வார்த்த குளோரியோசா என்ற பெருமணி கோபுரத்தில் இருக்கிறது. நாங்கள் இருந்த நேரத்தில் அது ஒலிக்கவில்லை. மார்ட்டின் லூதர் 1507இல் குருப்பட்டம் பெற்றதும் இந்த ஆலயத்தில்தான்.

புறச்சமய உழவர்களின் நகரம் என்று போனிபாஸ் எழுதிய அந்த வரிதான் எர்ஃபுர்ட் என்ற பெயர் வரலாற்றில் முதன்முதலாக வரும் இடம். இந்த மறைமாவட்டமும் பூராபூர்க் போலவே சில ஆண்டுகளில் மைன்ஸோடு கலந்துவிட்டது. பிறகு 1994இல், கிழக்கு ஜெர்மனி என்ற நாடு மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், மீண்டும் எர்ஃபுர்ட் மறைமாவட்டம் நிறுவப்பட்டது. சுமார் 1,240 ஆண்டு இடைவெளி. இன்று இந்த வட்டாரத்தில் எந்தச் சமயத்தையும் சேராதவர்களே பெரும்பான்மை. மாலைப் பூசையில் எங்களோடு சேர்த்துப் பதினான்கு பேர். நன்றாகப் பாடினார்கள்.

நாள் 4: வூர்ஸ்பூர்க்

துரிங்கியக் காட்டு வழியாக ரயில். பாதி மரங்கள் மஞ்சள், பாதி கரும்பச்சை. பேத்தி தூங்கிவிட்டாள்.

வூர்ஸ்பூர்க்கில் எல்லாம் கிலியான்தான். அயர்லாந்திலிருந்து வந்து, கொலோனாட், டோட்னான் என்ற இரு தோழர்களோடு 689 வாக்கில் இங்கே கொல்லப்பட்டவர். நொய்மூன்ஸ்டர் ஆலயத்தின் நிலவறையில் அவர்களுக்குப் பேழை. கீழே போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஆற்றுப் பாலத்தில் அவருக்குச் சிலையும் உண்டு. நகரத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஆனால் என் மனம் இன்று வேறொன்றில் நிற்கிறது.

மாலையில் கடைத்தெருவில் பேத்தி ஒரு மளிகைக் கடைக்குள் இழுத்துப்போனாள். மசாலா அடுக்கில் மிளகுப் புட்டி. கையில் எடுத்ததும் கடிதம் ஒன்று நினைவுக்கு வந்தது. தெனெஹார்ட், லுல், பர்க்கார்ட் என்ற மூன்று பேர் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்தில் இருந்த கூனெபூர்க் என்ற மடத்துத் தலைவிக்கு எழுதிய கடிதம். கூடவே சிறு பரிசு அனுப்புகிறார்கள்: சாம்பிராணி, மிளகு, லவங்கப்பட்டை. இந்தப் பர்க்கார்ட்தான் பின்னர் வூர்ஸ்பூர்க்கின் முதல் ஆயர் ஆனவர் என்பது அறிஞர் பலரின் கருத்து. லுல் பிற்பாடு மைன்ஸில் போனிபாஸின் இடத்துக்கு வந்தவர். தெனெஹார்ட் நம் மடல் சுமந்தவர்.

ரோமிலிருந்த ஜெம்முலுஸ் என்ற திருத்தொண்டர் போனிபாஸுக்கே அனுப்பிய பொருள்களின் அளவும் கிடைக்கிறது: லவங்கப்பட்டை 4 அவுன்ஸ், கோஷ்டம் 4 அவுன்ஸ், மிளகு 2 பவுண்டு. கோஷ்டத்தை எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் நிறுத்துத் தருகிறார்கள். மிளகு வந்தது எங்கள் மலைகளின் மேற்குச் சரிவிலிருந்து. அந்தக் காலத்தில் உலகத்துக்கு மிளகு கொடுத்தது அந்தக் கரைதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தில் என் அம்மா ஏற்றிவிட்ட மிளகுக் கொடி இன்னும் காய்க்கிறது. பெயர் தெரியாத ஒரு குடியானவர் வெயிலில் காயவைத்த மிளகு அரபுக் கப்பல்களிலும் ரோமின் சந்தைகளிலும் கை மாறி, மூடுபனிக்குள் உட்கார்ந்து சபை கட்டிய ஒரு கிழவரின் மேசைக்கு வந்திருக்கிறது. இதைச் சொன்னதும் பேத்தி புட்டியைத் திறந்து முகர்ந்தாள். கடைக்காரர் பார்க்கிறார் என்று மூடச் சொன்னேன். பிறகு காசு கொடுத்து வாங்கிக்கொண்டோம்.

நாள் 5: ஐஷ்டெட்

பவேரியாவுக்குள் போகும் ரயிலில் பேத்திக்கு ஒரு கதை சொன்னேன். பவேரியாவில் ஒரு குருவுக்கு லத்தீன் சரியாக வரவில்லை. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் என்பதற்கு விகுதி தவறி, தாய்நாட்டின் பெயரால், மகளின் பெயரால் என்று சொல்லித் திருமுழுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படித் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மறுபடி கொடுக்க வேண்டும் என்றார் போனிபாஸ். இலக்கண ஆசிரியர் அல்லவா. திருத்தந்தை சகரியா மறுத்துவிட்டார். அது தவறான கொள்கையால் வந்ததல்ல, மொழி தெரியாததால் வந்தது, மறுபடி கொடுக்க வேண்டாம் என்று எழுதினார். நான் சகரியா பக்கம். முகவரியில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று கடிதத்தைத் திருப்பி அனுப்பும் அஞ்சலகம் நல்ல அஞ்சலகம் அல்ல.

பெரிய ரயில் நிலையத்தில் இறங்கி, ஆல்ட்ம்யூல் ஆற்றோடு வளைந்து போகும் சிறிய வண்டியில் ஊருக்குள் வந்தோம். போனிபாஸ் இதைத் தம் உறவினர் வில்லிபால்டிடம் ஒப்படைத்தபோது முழுக்கத் தரிசு. ஒரு வீடுகூட இல்லை, மரியாவுக்கு ஒரு சிற்றாலயம் மட்டும் இருந்தது. போதிய மக்கள் இருக்கிறார்களா என்ற சகரியாவின் கேள்வியை இங்கே கேட்டிருந்தால் பதிலே சொல்லியிருக்க முடியாது. மதிலும் கோட்டையும் இருந்த பூராபூர்க் மறைந்தது. ஒன்றுமே இல்லாத ஐஷ்டெட் இன்றுவரை மறைமாவட்டம். ஏன் என்று கேட்டால் என் பதில், மனிதர்கள். விட்டா ஐந்தாறு ஆண்டில் போய்விட்டார். 741இல், நாற்பத்தொரு வயதில், எர்ஃபுர்ட்டுக்கு அருகே ஸூல்ட்சென்ப்ரூக்கனில் ஆயரான வில்லிபால்ட் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருந்தார்.

வில்லிபால்ட் யார் தெரியுமா? எருசலேமுக்குப் போய்வந்தவர். தந்தையோடும் தம்பியோடும் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, இத்தாலியின் லுக்காவில் தந்தையைப் புதைத்துவிட்டு, சிரியாவுக்குப் போனார். எமேசாவில் ஒற்றர் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். விடுதலையாகி, எருசலேமுக்கு மட்டும் நான்கு முறை போனார். ஊர் திரும்பும்போது இன்றைய லெபனான் கரையில் இருக்கும் டயர் என்ற துறைமுகத்தில் சுங்கச் சோதனை. அவரிடம் விலையுயர்ந்த பரிமளத் தைலம் இருந்தது. சுரைக்குடுக்கையில் அதை ஊற்றி, வாய்ப்புறத்தில் மண்ணெண்ணெய் போன்ற நிலநெய் நிரப்பிய நாணல் குழாயைச் செருகி மூடியிருந்தார். சோதித்தவர்களுக்கு எண்ணெய் வாடைதான் அடித்தது. அகப்பட்டிருந்தால் உயிர் போயிருக்கும். பிறகு கான்ஸ்டான்டிநோபிளில் இரண்டு ஆண்டு, மோன்டே கசினோ மடத்தில் பத்து ஆண்டு.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? 778 ஜூன் 23, செவ்வாய்க்கிழமை, முதுமை அடைந்த வில்லிபால்ட் ஹைடன்ஹைம் மடத்தில் உட்கார்ந்து கதை சொல்ல, ஒரு துறவிப் பெண் எழுதிக்கொண்டாள். தான் எளியவள், பெண், எழுதத் தகுதியற்றவள் என்று முன்னுரையில் சொல்கிறாள்; பெயர் சொல்லவில்லை. ஆனால் ஏட்டில் இரண்டு பகுதிகளுக்கு இடையே பொருள் விளங்காத எழுத்துக் கோவை ஒன்று இருந்தது. 1931இல் பெர்ன்ஹார்ட் பிஷோஃப் என்ற அறிஞர் அதை உடைத்தார். உயிரெழுத்துகளுக்குப் பதிலாக முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்ற எண்ணுப் பெயர்களின் சுருக்கங்களை வைத்து எழுதிய மறைகுறி அது. அவிழ்த்தால் வந்த செய்தி: நான், ஹூகபூர்க் என்னும் பெயருடைய சாக்சனியப் பெண், இதை எழுதினேன். இங்கிலாந்தின் சாக்சனியர் வழி வந்தவள்.

1,150 ஆண்டுகள் ஒரு பெயர் உறைக்குள் காத்திருந்தது. பேத்தி பேராலயத்தின் படியில் உட்கார்ந்து, தன் பெயரை அதே முறையில் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தாள். எழுதி முடித்து என்னிடம் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாள் 6: ஃபுல்டா

காலையிலேயே வந்துவிட்டோம். ஃபுல்டா மறைமாவட்டம் பிந்தியது, 1752. போனிபாஸுக்கு இது தலைமையிடம் அல்ல. ஓய்வுக்கு வரும் இடம். 744இல் அவருடைய மாணவர் ஸ்டுர்ம் கழுதை மேல் ஏறிக் காட்டுக்குள் தனியாக இந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். இரவானால் மரங்களை வெட்டி வட்டமாக வேலி கட்டுவாராம், விலங்குகள் கழுதையைத் தின்றுவிடாமல் இருக்க. தமக்கு நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு படுத்துவிடுவார். அந்தக் கழுதையின் மேல் அவருக்கு இருந்த அக்கறையை எண்ணி நேற்றிரவு வெகுநேரம் மகிழ்ந்திருந்தேன்.

இன்றைய பேராலயம் 1704க்கும் 1712க்கும் இடையில் கட்டியது. வெள்ளையாக, பெரிதாக இருக்கிறது. நிலவறையில் கருஞ்சலவைக்கல் பீடத்தின் அடியில் போனிபாஸ். அங்கே மண்டியிட்டேன்.

ஏறக்குறைய எண்பது வயதில், கண் மங்கி, அவர் மறுபடி ஃபிரிசியாவுக்குக் கிளம்பினார். முதலில் தோற்ற இடத்துக்கு. கண் மங்கியதற்கும் கடிதமே சான்று. தம் பழைய ஆசிரியர் வைத்திருந்த இறைவாக்கினர் நூலைத் தானியேலிடம் கேட்கும்போது, அதில் எழுத்துகள் தெளிவாகத் தனித்தனியே இருக்கும், நெருக்கி எழுதியதை இந்தக் கண்ணால் படிக்க முடியவில்லை என்கிறார். இறுதிப் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது லுல்லிடம், என் புத்தகப் பெட்டியில் ஒரு துணியும் வைத்துவிடு, இந்த முதிய உடலைச் சுற்றுவதற்கு என்றார். நூலோடு கோடித்துணி.

754 ஜூன் 5. டோக்கும் என்ற இடத்தில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள், ஆயர் எண்ணெய் பூசி அவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதலுக்கு வருவார்கள் என்று கூடாரத்தில் காத்திருந்தார். வந்தவர்கள் ஆயுதக்காரர்கள். அவரோடு 52 பேர் இறந்ததாக மரபு. கொன்றவர்கள் பெட்டிகளில் பொன் இருக்கும் என்று உடைத்தார்கள். உள்ளே புத்தகங்கள். சதுப்பில் வீசினார்கள். வெட்டுத் தழும்புள்ள ஏடு ஒன்று ஃபுல்டா நூலகத்தில் இருக்கிறது. அன்று அவர் கையில் இருந்தது இதுதானா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. நாங்கள் பார்த்தது படம் மட்டும். ஓரங்களில் ஆழமாக இறங்கிய வெட்டு. காகிதத்தோடு வாழ்ந்தவனுக்கு அதைப் பார்ப்பது எளிதல்ல.

மதியத்துக்கு மேல் ஊருக்கு வெளியே பீட்டர்ஸ்பெர்க் குன்று. அங்கே லியோபாவின் ஆலயம்.

லியோபா இளம்பெண்ணாக இங்கிலாந்தில் இருந்தபோது, முன்பின் பார்க்காத போனிபாஸுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தந்தை இறந்து எட்டு ஆண்டு, தாய் நோயில், நான் ஒரே பிள்ளை, உங்களை அண்ணன் இடத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். என் நடை கரடுமுரடாக இருக்கும், திருத்திக் கொடுங்கள் என்று கேட்டு, தான் கட்டிய செய்யுள் நான்கு வரியும் சேர்த்திருந்தாள். பின்னர் அவரே அவளை அழைத்தார். டாவ்பெர்பிஷோஃப்ஸ்ஹைம் மடத்துக்குத் தலைவி ஆனாள். படித்தவள், பல பெண்களைப் படிக்கவைத்தவள். ஃபிரிசியாவுக்குப் புறப்படும்முன் போனிபாஸ் தம் துறவு மேலங்கியை அவளிடம் கொடுத்து, இந்த நாட்டைவிட்டுப் போய்விடாதே என்றார். அவள் இறக்கும்போது என் கல்லறையிலேயே வையுங்கள் என்று ஃபுல்டா துறவிகளிடமும் சொல்லியிருந்தார். சுமார் 28 ஆண்டு கழித்து அவள் இறந்தபோது துறவிகளுக்கு அது நினைவிருந்தது. ஆனால் அந்தக் கல்லறையைத் திறக்க அஞ்சினார்கள். ஆலயத்தில் வேறோர் இடத்தில் அடக்கம் செய்தார்கள். பிறகு, 836 வாக்கில், மடாதிபதி ரபானுஸ் மவுருஸ் அவள் எலும்புகளை இந்தக் குன்றுக்குக் கொண்டுவந்தார்.

போனிபாஸ் எழுதிக் கேட்ட பலவும் அவருக்குக் கிடைத்தன. கேட்டும் நிறைவேறாத ஒன்று இங்கே இருக்கிறது என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் நிலவறைச் சுவரின் மங்கிய ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கைபேசியில் லியோபாவின் கடிதத்தை ஜெர்மனில் எடுத்து மெல்லிய குரலில் வாசித்தாள். ஒரு வரி வாசித்து, தமிழில் சொல்லி, அடுத்த வரி. வேறு யாரும் இல்லை.

வெளியே வந்தபோது மழை ஓய்ந்திருந்தது. குன்றின் விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே நகரத்தின் நடுவில் பேராலயத்தின் இரண்டு கோபுரங்களும் தெரிகின்றன. எவ்வளவு தூரம் இருக்கும் தாத்தா என்று கேட்டாள். நாலு கிலோமீட்டருக்குள்தான் என்றேன். பஸ் வேண்டாம், நடந்தே போவோம் என்றாள். நடந்தோம்.